ஏரிக்கரை வீட்டை விடுமுறைக்கு வாடகைக்கு எடுப்போர் அறிந்திருக்க வேண்டியவை

குடும்பத்துடன் சில நாள்கள் தங்குவதற்காக ஏரிக்கரையில் ஒரு வீட்டை முதன்முறையாக வாடகைக்கு எடுக்க நினைப்பவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். விடுதியில் அறை எடுத்துப் பழகியவர்கள் இதுவும் அப்படித்தான் என்று எண்ணிவிடுவது இயல்பு. ஆனால் இங்கே வரவேற்பறை கிடையாது, நள்ளிரவில் மின்சாரம் நின்றால் வந்து பார்க்க ஆள் இருக்கமாட்டார், நீங்கள் ஒப்புக்கொள்வது ஏறக்குறைய ஒரு குறுகிய கால வீட்டு வாடகை ஒப்பந்தம். விளம்பரத்தில் இருந்து கரையில் இல்லாமற்போன படகு, சேதத்துக்கு ஈடாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டு இழுத்தடித்துத் திருப்பித் தரப்பட்ட காப்புத் தொகை, அதற்காக எழுதிய மின்னஞ்சல்கள் என்று பலவற்றையும் பார்த்தபின் எனக்குத் தெளிவானது இதுதான்: விளம்பரங்கள் வீட்டைப் பற்றியே பேசுகின்றன, நாம் கூடுதலாகப் பணம் கொடுப்பதோ ஏரிக்காக. ஆகவே சோபாவையும் சமையலறையையும் படங்களிடம் விட்டுவிட்டு, கரையைப் பற்றியும் ஒப்பந்தத் தாள்களைப் பற்றியும்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. ஆள் கணக்கை முதலில் முடியுங்கள்

எத்தனை பேர் வருகிறார்கள் என்பது உறுதியாவதற்கு முன் வீடு தேடத் தொடங்கினால் வேலை இரட்டிப்பாகும். ஒவ்வொரு வீட்டுக்கும் தங்குவோர் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது உரிமையாளரின் பிடிவாதம் என்று நினைத்து, இரண்டு பேரைக் கூடுதலாக அழைத்துச் சென்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். ஏரிக்கரை வீடுகளில் பலவற்றுக்கு ஊர்க் கழிவுநீர்க் குழாய் இணைப்பு இருக்காது. செப்டிக் டேங்க்தான் இருக்கும். படுக்கையறைகளின் எண்ணிக்கையை வைத்தே அதன் கொள்ளளவைத் திட்டமிடுவது வழக்கம். அளவுக்கு மீறி ஆள்கள் தங்கினால் கழிப்பறை நீர் வீட்டுக்குள் திரும்பி வரும், பழுதுபார்க்கும் செலவும் உங்கள் தலையில் விழும்.

கைக்குழந்தைகள் எண்ணிக்கையில் சேர்வார்களா, பகலில் மட்டும் வந்துபோகும் உறவினர்களுக்கு அனுமதி உண்டா, நாய் பூனையை அழைத்துவர இயலுமா என்பவற்றை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். “10 பேர் உறங்கலாம்” என்ற வரியை அப்படியே நம்ப வேண்டாம். அந்தப் பத்தில் கூடத்துச் சோபாவும் குழந்தைகளுக்கான அடுக்குக் கட்டிலும் அடங்கியிருக்கக்கூடும். எந்த அறையில் எத்தனை கட்டில், எந்த அளவுக் கட்டில் என்ற பட்டியலைக் கேளுங்கள். முதியவர்கள் உடன் வருவதாயின் படுக்கையறையும் கழிப்பறையும் தரைத்தளத்திலேயே இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

2. பணம் கொடுக்கும் முன் கரையைப் பற்றிக் கேளுங்கள்

நீரை ஒட்டி நிற்கும் வீடு, நீர் கண்ணுக்குத் தெரியும் வீடு, நீருக்குச் செல்லும் உரிமை மட்டும் உள்ள வீடு ஆகிய மூன்றும் வெவ்வேறு. மூன்றாவது வகையில், சாலையைக் கடந்து சிறிது தூரம் நடந்து, பல வீடுகளுக்குப் பொதுவான ஒரு கரைக்குச் சென்று சேர வேண்டியிருக்கலாம். விளம்பரத்தில் மூன்றும் “ஏரி வீடு” என்றே இருக்கும். வீட்டு வாசலிலிருந்து நீர் வரை எத்தனை மீட்டர், இடையே எத்தனை படிகள், கைப்பிடி உண்டா என்று கேளுங்கள். உயரத்திலிருந்து அழகாக ஏரி தெரிகிறது என்றால் அந்த உயரத்தை யாராவது இறங்கி ஏறத்தான் வேண்டும், அந்த யாராவது உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம்.

அடுத்து, நீரின் அடித்தரை. மணலா, கூழாங்கல்லா, சேறா, நீர்க்கொடிகள் அடர்ந்ததா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. சேற்றுத் தரையில் சிறு குழந்தைகள் இறங்கமாட்டார்கள். நீங்கள் வாடகை கொடுத்த ஏரியை வராந்தாவிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். படகுத்துறையின் முனையில் ஆழம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். தலைகீழாகப் பாய்வதற்கு ஏறக்குறைய 2.7 மீட்டராவது ஆழம் வேண்டும் என்பது நீர்ப் பாதுகாப்பு அமைப்புகள் கூறும் அளவு. வீடுகளுக்கு முன்னுள்ள துறைகளில் பெரும்பாலும் அந்த ஆழம் இராது.

அது இயற்கை ஏரியா, அணை கட்டித் தேக்கிய நீரா என்பது பலருக்குத் தோன்றாத கேள்வி. தேக்கமாயின் பாசனத்துக்காகவும் மின் உற்பத்திக்காகவும் வெள்ளக் கட்டுப்பாட்டுக்காகவும் நீரைத் திறந்துவிடுவார்கள். நீர்மட்டம் பல மீட்டர் தாழ்ந்து, படகுத்துறை வறண்ட சேற்றின் மேல் நிற்கும் மாதங்களும் உண்டு. விளம்பரப் படங்கள் எப்போதும் நீர் நிறைந்திருந்த நாளில் எடுத்தவையே. நீங்கள் செல்லும் அதே மாதத்தில் சென்ற ஆண்டு எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பாசியைப் பற்றியும் தனியாகக் கேட்க வேண்டும். வெப்பம் மிகுந்து காற்று அடங்கிய நாள்களில், குறிப்பாகக் கோடையின் பிற்பகுதியில், உரச்சத்து சேர்ந்த ஏரிகளில் நீலப்பச்சைப் பாசி பெருகும். நீரின்மேல் பச்சைச் சாயத்தைக் கொட்டியதுபோலப் படர்ந்திருக்கும் இது நஞ்சை உண்டாக்கக்கூடியது. குழந்தைகளும் நாய்களும் அந்த நீரை விழுங்கிவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஆபத்தும் அவர்களுக்கே அதிகம். நீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு நீங்காது. “கடந்த ஆண்டு நீச்சலுக்குத் தடை விதித்தார்களா, எந்த மாதத்தில்?” என்று நேரடியாகக் கேளுங்கள். பல நாடுகளில் சுகாதாரத் துறையோ சுற்றுச்சூழல் துறையோ ஏரிவாரியாக இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. வீட்டுக்காரரின் சொல்லை அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

படகு உண்டு என்று எழுதியிருந்தால் எந்த வகை, எத்தனை, கட்டணம் தனியா, துடுப்புகள் உடன் வருமா, உயிர்காப்பு அங்கிகள் எந்த எடையினருக்கானவை என்று கேளுங்கள். இயந்திரப் படகை ஓட்ட உரிமமோ குறைந்தபட்ச வயதோ பல இடங்களில் தேவை. சில ஏரிகளில் இயந்திரப் படகுக்கே அனுமதி இல்லை. அப்படிப்பட்ட ஏரி குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு ஒருவிதத்தில் வரம் என்பது என் கருத்து.

இந்தக் கேள்விகளைத் தொலைபேசியில் பேசி முடித்துவிடாமல், முன்பதிவுத் தளத்தின் செய்திப் பெட்டியிலோ மின்னஞ்சலிலோ கேட்டுப் பதிலைப் பெறுங்கள். பின்னாளில் தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் சான்று அது மட்டுமே.

3. வீடும் உரிமையாளரும் உண்மைதானா என்று சோதியுங்கள்

விடுமுறை வீட்டு மோசடிகள் பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் வருகின்றன. உண்மையான ஒரு வீட்டின் படங்களைத் திருடிக் குறைந்த வாடகையில் விளம்பரம் இடுவார்கள். இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவசரப்படுத்துவார்கள். தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் தள்ளுபடி என்பார்கள். அந்த மூன்றாவது வரி வந்தவுடன் உரையாடலை நிறுத்திவிடுங்கள். தளத்துக்கு வெளியே பணம் கொடுத்தால் தளத்தின் பாதுகாப்பு எதுவும் உங்களுக்குக் கிடைக்காது.

விளம்பரப் படங்களை இணையத்தில் படவழித் தேடலில் இட்டு, வேறு பெயரிலோ வேறு ஊரிலோ அவை தோன்றுகின்றனவா என்று பாருங்கள். தோராய இருப்பிடம் தெரிந்தால் செயற்கைக்கோள் வரைபடத்தில் கூரையின் வடிவத்தையும், துறையையும், கரை வரையிலான தூரத்தையும், பக்கத்து வீடு எவ்வளவு நெருக்கம் என்பதையும் ஒப்பிடலாம். மதிப்புரைகளைப் படிக்கும்போது நட்சத்திரங்களை விட்டுவிட்டு, நீங்கள் செல்லும் பருவத்தில் தங்கியவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். குறுகிய கால வாடகைக்கு உரிமம் கட்டாயமான இடங்களில் உரிம எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். உரிமமில்லாத வீட்டை உள்ளாட்சி மூடிவிட்டால் உங்கள் விடுமுறையும் அதோடு போகும்.

4. மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

தேடலில் தெரியும் ஓர் இரவு வாடகை, நீங்கள் இறுதியில் கட்டும் தொகையன்று. வாடகையுடன் சுத்தம் செய்யும் கட்டணம், தளத்தின் சேவைக் கட்டணம், தங்கல் வரி ஆகியவை சேரும். சில வீடுகளில் படுக்கை விரிப்பு, விறகு, படகு, செல்லப் பிராணி, கூடுதல் ஆள் ஆகியவற்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு.

எடுத்துக்காட்டாக, எந்த நாணயமாயினும், ஓர் இரவுக்கு 100, சுத்தம் செய்ய 90, சேவைக் கட்டணம் 14 விழுக்காடு, வரி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவு தங்கினால் மொத்தம் ஏறக்குறைய 360, அதாவது ஓர் இரவுக்கு 180. ஆறு இரவு தங்கினால் மொத்தம் ஏறக்குறைய 856, ஓர் இரவுக்கு 143. சுத்தம் செய்யும் கட்டணம் ஒரே ஒரு முறைதான் வரும் என்பதால் குறைந்த நாள் தங்குவோருக்கே சுமை அதிகம். இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது இறுதித் தொகையை இரவுகளால் வகுத்து ஒப்பிடுங்கள். தலைப்பில் காணும் தொகையை வைத்து ஒப்பிட்டால் விலை மிகுந்த வீடே மலிவாகத் தோன்றக்கூடும்.

பல குடும்பங்கள் சேர்ந்து செல்வதாயின், பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதை முன்பதிவுக்கு முன்பே பேசி, ஒவ்வொருவரின் பங்கையும் வாங்கிவிடுங்கள். தலைக்கு இவ்வளவா, அறைக்கு இவ்வளவா என்பதில் மனத்தாங்கல் வருவது ஏரிக்குச் சென்ற பிறகுதான். ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே எல்லாச் சேதத்துக்கும் பொறுப்பு என்பதையும் மற்றவர்கள் அறிந்திருக்கட்டும்.

5. எப்போது பதிவு செய்வது, எப்போது செல்வது

பள்ளி விடுமுறைக் காலத்தில் நல்ல கரையுள்ள பெரிய வீடுகள் ஆறு மாதம் முதல் ஓராண்டு முன்பே போய்விடும். சென்ற முறை தங்கியவர்களே மறு ஆண்டுக்கும் பதிவு செய்துகொண்டு புறப்படுவது இத்தொழிலில் வழக்கம். உச்சப் பருவத்தில் பெரும்பாலும் முழு வாரத்துக்குக் குறைவாகத் தரமாட்டார்கள். இரண்டு மூன்று நாள் போதும் என்பவர்கள் பருவத்தின் முன்னோ பின்னோ செல்வது நல்லது.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. குளிர் நாடுகளில் இளவேனில் வெயிலைக் கண்டு ஏரி நீரும் சூடாகியிருக்கும் என்று நினைக்கக்கூடாது. நீர் மிக மெதுவாகவே வெப்பமடையும். கோடையிலும் மேற்பரப்பு வெதுவெதுப்பாக இருக்க, சில மீட்டர் ஆழத்தில் நீர் குளிர்ந்தே கிடக்கும். 15 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த நீரில் திடீரென விழுபவருக்கு முதல் ஒரு நிமிடத்தில் மூச்சு கட்டுப்பாட்டை இழந்து வாங்கும். நீச்சல் தெரிந்தவர்களும் நீரை விழுங்கிவிடுவது அப்போதுதான். குழந்தைகள் நீரில் விளையாடுவதே உங்கள் நோக்கமாயின், மலிவான முன்பருவத்தைவிடப் பின்பருவமே பயன் தரும். அதே மாதங்களில் பாசி வரக்கூடும் என்பதால்தான் இரண்டாம் படியில் அதை அவ்வளவு வற்புறுத்தினேன்.

6. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

உரிமையாளர் கேட்கும் தாள்கள் அதிகமில்லை: பதிவு செய்பவரின் அரசு அடையாள அட்டை, தங்குவோர் அனைவரின் பெயரும் வயதும், வண்டி எண், சில இடங்களில் படகு உரிமத்தின் நகல். அடையாள அட்டையை முன்பதிவுத் தளத்தின் வழியாக அனுப்புவதே பாதுகாப்பு. நீங்கள் பெற்று வைத்துக்கொள்ள வேண்டியவை அதைவிட முக்கியம்: இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம், செலுத்திய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது, வீட்டு விதிகள், முழு முகவரி, அவசரத்துக்கு அழைக்க உள்ளூரில் இருக்கும் ஒருவரின் எண். வேறு ஊரில் வசிக்கும் உரிமையாளரின் எண் மட்டும் இருந்தால் அது அவசர எண் ஆகாது.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது ரத்து விதி. எந்தத் தேதி வரை ரத்து செய்தால் முழுத் தொகையும் வரும், எந்தத் தேதிக்குப் பின் எதுவும் வராது என்ற இரண்டு தேதிகளையும் நாள்காட்டியில் குறித்துவையுங்கள். உரிமையாளரே ரத்து செய்தால் என்ன நேரும் என்பதும் எழுதியிருக்க வேண்டும். ஏரியில் பாசி வந்து நீச்சலைத் தடை செய்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ பணம் திரும்பாது என்று பல ஒப்பந்தங்களில் தெளிவாகவே இருக்கும். அதை மாற்ற முடியாவிட்டாலும் தெரிந்து கையெழுத்திடுவது நல்லது.

இரண்டாவது, காப்புத் தொகை. சேதமில்லாவிட்டால் திரும்பிவரும் தொகைக்கும், சேதத் தள்ளுபடிக் கட்டணம் என்ற பெயரில் வாங்கும் திரும்பிவராத தொகைக்கும் வேறுபாடு உண்டு. எது கேட்கப்படுகிறது என்பதையும், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், எதற்கெல்லாம் பிடித்தம் செய்வார்கள் என்பதையும் எழுத்தில் பெறுங்கள். “அளவுக்கு மிஞ்சிய சுத்தம் தேவைப்பட்டால்” என்பது போன்ற வரிக்கு அளவு என்ன என்று கேளுங்கள். என்னிடம் பிடித்தம் செய்ய முயன்றது அந்த வரியைக் காட்டித்தான்.

மூன்றாவது, பயணக் காப்பீடு. நோய், விபத்து, நெருங்கிய உறவினரின் மறைவு போன்ற காரணங்களுக்கே சாதாரணக் காப்பீடு பணம் தரும். மனம் மாறியதற்கோ மழை பெய்ததற்கோ தராது. எக்காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்னும் வகைக்குக் கட்டணம் அதிகம், திரும்பிவருவதும் முழுத் தொகையன்று. புயல் எச்சரிக்கை வெளியான பின் வாங்கிய காப்பீடு அந்தப் புயலுக்குப் பயன்படாது என்பதால், முதல் தவணை கட்டிய சில நாள்களுக்குள் வாங்குவதே முறை.

கேமராக்களைப் பற்றியும் ஒரு சொல். விடுமுறை வீடுகளுக்கான முன்பதிவுத் தளத்தை நடத்தும் ஏர்பிஎன்பி நிறுவனம் 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டின் உட்புறத்தில் கண்காணிப்புக் கேமரா வைப்பதை முற்றிலும் தடை செய்துவிட்டது. வெளியே இருப்பவற்றை விளம்பரத்தில் தெரிவிக்க வேண்டும். நேரடியாக வாடகைக்கு எடுப்பவர்கள் இதே நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லலாம்.

பணத்தைக் கடன் அட்டை வழியாகவும் தளத்தின் வழியாகவும் மட்டுமே செலுத்துங்கள். ஏமாற்றப்பட்டால் வங்கியிடம் முறையிட வழி இருப்பது அதில்தான்.

7. சென்று சேர்ந்த முதல் ஒரு மணி நேரம்

பெட்டிகளை இறக்கும் முன் ஒருவர் கைபேசியில் தேதி தெரியும்படி வீடு முழுவதையும் காணொளியாக எடுத்துவிடட்டும். சுவர்க் கறை, கீறல் விழுந்த மேசை, உடைந்த நாற்காலி, மெத்தை, அடுப்பு, படகின் அடிப்பகுதி, துறையின் பலகைகள் என்று எதையும் விடாதீர்கள். குறை இருந்தால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். தளங்கள் இதற்குக் கால வரம்பு வைத்திருக்கின்றன. ஏர்பிஎன்பியில் குறையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஊருக்குத் திரும்பியபின் சாவகாசமாக எழுதலாம் என்று இருந்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

பிறகு புகை எச்சரிப்பான்களையும் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பானையும் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். கணப்பும் எரிவாயு ஹீட்டரும் உள்ள வீடுகளில் இரண்டாவது கருவி இல்லாமல் உறங்கக்கூடாது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. மின்னாக்கி (ஜெனரேட்டர்) இருந்தால் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளியே இயக்க வேண்டும்.

குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டறியுங்கள். கிணற்று நீராயின் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் பால் கலக்கப் புட்டிநீரையே பயன்படுத்துங்கள். கிணற்று நீரில் நைட்ரேட் மிகுந்திருந்தால் கொதிக்க வைப்பது அதை நீக்குவதற்குப் பதில் செறிவாக்கிவிடும்.

8. நீரில் இறங்கும் முன்

வீட்டிலிருந்து கரைக்குச் செல்லும் கதவுக்குச் சிறு குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இல்லையென்றால், ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று பொருத்துங்கள். நீரில் மூழ்குபவர்கள் கையை வீசிக் கத்துவார்கள் என்பது தவறான எண்ணம். பெரும்பாலும் ஓசையே இராது. பத்துப் பெரியவர்கள் கரையில் அமர்ந்திருந்தால் பத்துப் பேரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்திருப்பார்கள். ஆகவே கால் மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி முறை வைத்து, முறையில் இருப்பவர் கைபேசியைத் தொடாமல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

உயிர்காப்பு அங்கியை அணிவித்தபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது முகவாய்க்கு மேல் ஏறினால் அளவு பெரியது. காற்றடைத்த கைப்பட்டைகள் விளையாட்டுப் பொருள்களே. அங்கிக்கு அவை ஈடாகா. பலத்த மழைக்குப் பின் ஓரிரு நாள் நீரில் இறங்காதிருப்பது நல்லது, ஏனெனில் கரைகளிலிருந்து கழிவு அடித்து வரப்பட்டிருக்கும்.

மின்விளக்கோ மின்செருகியோ உள்ள படகுத்துறையின் அருகில் நீந்தவே கூடாது என்பதைப் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். கம்பியில் பழுதிருந்தால் மின்சாரம் நீரில் கசியும். நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால், அது நீந்துபவரின் உடல் வழியாகப் பாய்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். நீரில் உடல் கூசுவது போன்ற உணர்வு தோன்றினால் துறையைத் தொடாமல் விலகி நீந்தி, கரையேற வேண்டும். மற்றவர்கள் காப்பாற்றக் குதிக்காமல் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மின் இணைப்புப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே பார்த்துவைப்பது இதற்காகவும்தான்.

9. புறப்படும் நாளும் காப்புத் தொகையும்

புறப்பட வேண்டிய நேரம் பெரும்பாலும் முற்பகல் 10 அல்லது 11 மணி. பெரிய குடும்பம் அதற்குள் கிளம்ப வேண்டுமாயின் முதல் நாள் இரவே பாதி வேலையை முடித்திருக்க வேண்டும். வீட்டு விதிகளில் உள்ள வேலைகளை, அதாவது பாத்திரம் கழுவுதல், குப்பையைக் குறித்த இடத்தில் சேர்த்தல், விரிப்புகளைக் கழற்றி வைத்தல், படகுகளைக் கரையேற்றிக் கட்டுதல் ஆகியவற்றைச் செய்து, ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். குழந்தைகளைத் துடைக்கும் ஈரத் தாள்களைக் (வெட் வைப்ஸ்) கழிப்பறையில் போட்டு அடைப்பு உண்டாக்குவது காப்புத் தொகையை இழக்கும் வழிகளில் ஒன்று. குழந்தை வைத்திருப்பவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவையுங்கள். பூட்டியபின் முதல் நாள் எடுத்ததைப் போலவே இன்னொரு காணொளி எடுத்து, சாவியை விட்ட இடத்தின் படத்துடன், “இந்த நேரத்துக்கு வீட்டை ஒப்படைத்தோம்” என்று செய்தி அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் சொன்ன நாளில் தொகை வராவிட்டால் மறுநாளே எழுத்தில் கேளுங்கள். பிடித்தம் செய்திருந்தால் சேதத்தின் படமும் பழுதுபார்த்த ரசீதும் கேட்பது உங்கள் உரிமை. ஏர்பிஎன்பி வழியாகச் சென்றிருந்தால், நீங்கள் வெளியேறிய 14 நாள்களுக்குள் உரிமையாளர் சேதத்துக்கான கோரிக்கையை எழுப்ப வேண்டும். அந்தக் காலம் முடியும் வரையிலாவது காணொளிகளை அழிக்காதீர்கள். நேரடியாக வாடகைக்கு எடுத்தவர்கள் காப்புத் தொகை வங்கிக் கணக்கில் வந்து சேரும் வரை வைத்திருங்கள்.